லூபஸ் மருந்து ஆய்வுக்குக் காத்திருப்பவர்கள் கவனத்திற்கு

லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் நோய். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்-டி செல் சிகிச்சை (நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, மாற்றியமைத்து, மீண்டும் உடலில் ஏற்றும் முறை) பெற்ற லூபஸ் நோயாளிகள் மாத்திரையே இல்லாமல் வாழ்கிறார்கள் என்ற காணொளியைப் பார்த்துவிட்டு, அந்த ஆய்வில் தமக்கும் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வழக்கமான லூபஸ் மருந்துகளான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் ஸ்டீராய்டையும் தாமாகவே நிறுத்திய இன்னோர் இளம்பெண், கால்கள் வீங்கி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சிறுநீரில் புரதம் வெளியேறும் நிலையில் அண்மையில் என்னிடம் வந்தார். இப்படி வருபவர்களில் அவர் முதலாமவர் அல்லர். இனியும் இதை எழுதாமல் இருப்பது சரியன்று.

அந்தச் செய்தி பொய்யன்று. 2021இல் ஓர் இளம்பெண்ணிடம் தொடங்கிய அந்த முயற்சியில், 2024இல் வெளியான அறிக்கையின்படி எட்டு லூபஸ் நோயாளிகளுக்கும் நோய் அடங்கியிருந்தது. ஆனால் அவர்கள் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத கடும் நோயுடன் வந்தவர்கள். அந்தச் சிகிச்சை பெறாதவர்களை வைத்து ஒப்பிட ஒரு குழுவும் அதில் இல்லை. செல்களை ஏற்றுவதற்கு முன் ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோதெரபி மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதையும், சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையைப் பாதிக்கக்கூடியது என்பதையும் காணொளிகள் சொல்வதில்லை. என் நோயாளிகளில் பெரும்பாலோர் குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்கள். அவர்கள் முதலில் கேட்பதே கருத்தரிக்க முடியுமா என்பதைத்தான்.

முதற்கட்ட ஆய்வு என்பது சிகிச்சை அன்று. இதை எத்தனை முறை சொன்னாலும், "புது மருந்துதானே டாக்டர், பழையதைவிட நல்லதாகத்தானே இருக்கும்?" என்ற கேள்வியே திரும்ப வருகிறது. எவ்வளவு மருந்தை உடல் தாங்கும், என்ன பக்கவிளைவு வரும் என்று அறிவதே அந்தக் கட்டத்தின் முதல் நோக்கம். உங்களுக்குக் குணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், தொடக்கத்தில் சேர்பவருக்குப் பயன் தராத அளவு சிறிய மருந்தே கொடுக்கப்படலாம். சிறிய ஆய்வுகளில் பெரும் நம்பிக்கை தந்த ரிடுக்ஸிமாப் என்ற மருந்து, லூபஸுக்கான எக்ஸ்ப்ளோரர், லூனார் என்ற இரு பெரிய ஆய்வுகளிலும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

மறுபுறம், போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வில் ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்படும், மருந்தே இல்லாத ஊசி அல்லது மாத்திரை) கிடைத்தால் வெறுங்கையோடு விடுவார்கள் என்று அஞ்சி மறுப்பவர்களும் உண்டு. பெலிமுமாப், அனிஃப்ரோலுமாப் ஆகிய லூபஸ் மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் போலி மருந்துக் குழுவினரும் தங்கள் வழக்கமான மருந்துகளைத் தொடர்ந்தே வந்தார்கள்.

மருத்துவர்களாகிய நாங்கள் புரத அளவையும் மூட்டு வீக்கத்தையும் கணக்கிடுகிறோம். நோயாளிகளோ காலையில் எழ முடியாத அசதியைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் அசதியை அந்த ஆய்வு அளக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் அந்த இடத்திலேயே கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, புரியாததைக் கேளுங்கள். ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் வழிசெய்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதுவரை, தயவுசெய்து, உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.