வாய்ப்புண்ணுக்கு எதற்கு வழி?

"டாக்டர், இது வாய் வழியா வந்த புண்ணா? அப்படி என்னத்தச் சாப்பிட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்." நாற்காலியில் சாய்ந்தபடியே ஒரு பெரியவர் கேட்டார். வேறோர் இடத்தில் கொடுத்த தாள் கையில் இருந்தது. ‘வாய்வழிப் புண்’ என்று அச்சடித்திருந்தார்கள். நாக்கைப் புரட்டிப் பார்த்தால், உடைந்த கடைவாய்ப்பல்லின் முனை உரசி உரசி ஓரத்தில் வந்த புண். முனையை ராவிவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். அப்போதும் ஆறாவிட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அவருக்கோ புண்ணைவிட அந்த ‘வழி’தான் பெரிய உறுத்தல்.

‘ஓரல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் ‘வாய்வழி’ என்று பெயர்த்திருக்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் வாய் ‘ஓஸ்’, வாயினுடைய என்றால் ‘ஓரிஸ்’. அதிலிருந்து வந்தது ‘ஓரல்’. வாயில் இருப்பது, வாய் வழியே போவது, வாயால் சொல்வது, மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒன்றுதான். நமக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசலும் போலியோ சொட்டும் வாய்வழி மருந்து. ஆசிரியர் எதிரே உட்கார்ந்து கேட்பது வாய்மொழித் தேர்வு. வாயிலேயே இருப்பதற்கு வாய் போதும்: வாய்ப்புண், வாய்நாற்றம். என் பாட்டி யாரையும் ‘வாய்வழி நாற்றம்’ என்று திட்டியதில்லை.

இப்போது பார்த்தால் ‘வாய்வழி சுகாதாரம்’, ‘வாய்வழி புற்றுநோய்’ என்றே வருகிறது, ஒற்றும் இல்லாமல். மருந்துச் சீட்டுக்காக யாரோ எழுதிவைத்த சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள். ‘வாய்ப்புற்றுநோய்’ என்று எழுதினால் கண் ‘வாய்ப்பு’ என்று படித்துவிடுகிறதே என்றார் மொழிபெயர்ப்பு செய்யும் நண்பர் ஒருவர். சரி, வாய்ப் புற்றுநோய் என்று இடம் விட்டு எழுதுங்கள். அப்புறம், வெறும் ‘வாய்’ அறிவியல் மாதிரி இல்லையாம். கண் மருத்துவத்தை யாரும் கண்வழி மருத்துவம் என்பதில்லை. காது மூக்கு தொண்டை நிபுணரும் வழி எதுவும் இல்லாமல்தான் பலகை மாட்டியிருக்கிறார். வாய்க்கு மட்டும் என்ன குறை?

இதில் வெறும் இலக்கணப் பிடிவாதம் மட்டும் இல்லை. ‘வாய்வழி நோயறிதல்’ என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. தட்டம்மையில் உடம்பில் தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே, கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப்பற்களுக்கு எதிரே, உப்புத்தூள் சிதறியது போல வெண்புள்ளிகள் தெரியும். நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஹென்றி காப்லிக் 1896இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. நாக்கு வெளுத்து வழவழப்பாக இருந்தால் இரத்தசோகையை நினைப்போம். இவையெல்லாம் வாய் வழியாக உடம்பைப் பார்ப்பது. துணியால் துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு கன்னத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது வாய்நோய் அறிதல். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் மாணவன் எதைப் படிப்பான்?

அறுவை சிகிச்சைப் பலகைகளில் ‘ஓரல்’ கூடவே வரும் ‘மாக்சில்லோஃபேஷியல்’ இன்னொரு கூத்து. மாக்சில்லா என்பது மேல்தாடை எலும்பு. அதனால் ‘வாய்வழி மற்றும் மேல்தாடை முக அறுவை சிகிச்சை’ என்று எழுதிவிடுகிறார்கள். பைக்கிலிருந்து விழுந்து கீழ்த்தாடை உடைந்தவர் இந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போக வேண்டியதுதான். வாய், தாடை, முக அறுவை சிகிச்சை என்றால் முடிந்தது. ‘மற்றும்’கூட வேண்டாம்.

இன்னொன்று. கீழுதட்டின் உட்புறம் கீறி, கழுத்தில் தழும்பு விழாமல் தைராய்டை எடுக்கிறார்கள். அதுதான் அசல் வாய்வழி அறுவை சிகிச்சை. கடைவாய்ப்பல் எடுப்பதற்கே அந்தப் பெயரைச் செலவழித்துவிட்டவர்கள் இதை என்னவென்று எழுதுவார்கள்?