வாசலுக்கு வெளியே நிற்கும் மரம் யாருடையது? டர்பன் தெரு மரங்களுக்கான விதிகளும் வழிகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் வீட்டு மதிலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓடும் புல்தரையை வெர்ஜ் என்கிறோம். அங்கே புல் வெட்டுவது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான், ஆனால் நிலம் டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சிக்குச் சொந்தம். அதில் நிற்கும் மரமும் அப்படியே, உங்கள் தாத்தா நட்ட மாமரமாக இருந்தாலும் சரி. தண்ணீர் ஊற்றலாம், களை பிடுங்கலாம், சருகைக் கூட்டலாம். கிளையை வெட்டவோ, உச்சியைக் கழிக்கவோ, வேரை அறுக்கவோ, அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசவோ மாநகராட்சிப் பூங்காத் துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தெருவில் வரும் மரம்வெட்டிக்குக் காசு கொடுத்து வெட்டச் சொன்னால், சொன்னவரும் பொறுப்பேற்க வேண்டி வரும்.

மரத்தில் பிரச்சினை என்றால் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது, குறிப்பு எண் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் தெரு, வீட்டு எண், மரம் வாசலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை எழுதி, முழு மரமும் வீடும் தெரியும் ஒரு படத்தையும் பழுதான இடத்தை அருகிலிருந்து எடுத்த ஒரு படத்தையும் சேருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: “மரத்தை எடுத்துவிடுங்கள்” என்று தீர்வை எழுதுகிறார்கள். “கிளை கூரையில் உரசுகிறது”, “கவையில் வெடிப்பு தெரிகிறது” என்று பழுதை எழுதினால்தான் வந்து பார்ப்பவருக்கு என்ன பார்ப்பது என்று தெரியும். முறிந்து தொங்கும் கிளை, புதிதாகச் சாய்ந்து ஒரு பக்கம் மண் எழும்பிய மரம், அடிமரத்தில் காளான் ஆகியவை அவசரமானவை. அவற்றை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அதே குறிப்பு எண்ணோடு வார்டு கவுன்சிலருக்கு எழுதலாம். கிளை மின்கம்பியைத் தொட்டால் அது மின்சாரத் துறையின் வேலை. ஏணியோடு யாரும் அருகில் போகக் கூடாது.

இலை கொட்டுகிறது, காரில் பறவை எச்சம் விழுகிறது என்பவை மட்டும் மரத்தை அகற்றப் போதுமான காரணங்களாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதில்லை. வேர் கழிவுநீர்க் குழாயை அடைத்தது என்ற புகாரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நல்ல நிலையிலுள்ள குழாயை வேர் அரிதாகவே உடைக்கிறது. பழைய மண்குழாயின் இணைப்பில் ஏற்கெனவே கசியும் ஈரத்தைத் தேடித்தான் உள்ளே நுழைகிறது. குழாயை மாற்றாமல் மரத்தை மட்டும் வெட்டினால் கசிவு நிற்காது. அடிமரத்தை ஒட்டிய தடித்த வேரை அறுப்பது இன்னும் ஆபத்து. அந்தப் பக்கப் பிடிப்பு போய், அடுத்த பலத்த காற்றில் மரமே விழலாம்.

அனுமதி கிடைத்த பிறகு வெட்டும் முறையும் முக்கியம். கனமான கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, அதில் கிளை விழும். மிச்சக் கட்டையைக் கிளையடியில் தெரியும் வீங்கிய வளையத்துக்கு வெளியே மூன்றாவதாக எடுக்க வேண்டும். அந்த வளையம்தான் காயத்தை மூடும். முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது பட்டையை நெடுகக் கிழித்துக்கொண்டு போகும். காயத்தில் பெயின்ட் பூச வேண்டாம். உச்சியை மொட்டையடிப்பது மிக மோசமானது: அங்கே அடர்ந்து துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு இல்லை, சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் சட்டத்தில் வழி உண்டு. 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டப்படி, முடிவு தெரியவந்த 90 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். மாநகராட்சியும் 90 நாட்களுக்குள் அதைத் தர வேண்டும். மாநகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, அதிகாரம் ஒப்படைக்கப்பட்ட அலுவலர் எடுத்த முடிவு உங்கள் உரிமையைப் பாதித்தால், அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் மாநகராட்சி மேலாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். காரணம் வரட்டும் என்று காத்திருந்து இந்த 21 நாளைத் தவறவிடாதீர்கள்.

தெரு மரம் கார் மேல் விழுந்தால் நகரம் தானாக இழப்பீடு தராது. ஆபத்து தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியும், நியாயமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். முன்பே வாங்கிய குறிப்பு எண் இங்கேதான் உதவும். அரசு அமைப்புகள் மீதான வழக்கு பற்றிய 2002ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம், கோரிக்கை எழுந்த 6 மாதத்துக்குள் நடந்த விவரத்தோடு மாநகராட்சி மேலாளருக்கு எழுத்தில் அறிவிப்புத் தரச் சொல்கிறது. தவறினால், தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்டு நிற்க வேண்டியதாகிவிடும்.

சில மரங்களுக்கு மாநகராட்சி அனுமதி மட்டும் போதாது. 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரங்களை, சொந்தத் தோட்டத்தில் நின்றாலும், தேசிய வனத்துறை உரிமம் இன்றி வெட்டவோ சேதப்படுத்தவோ கூடாது. மருலா, வெண் மில்க்வுட், கழிமுகக் கண்டல் மரங்களில் சில அந்தப் பட்டியலில் உள்ளன. மீறினால் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இதற்கு நேர்மாறானது சிரிங்கா. வேப்பிலைபோல் தோன்றும் இந்த மலைவேம்பு ஊடுருவும் இனம். ஊடுருவும் இனங்களுக்கான தேசிய விதிகளில், நகர்ப்புறத்தில் அது 3ஆம் வகை: இருப்பது இருக்கலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. ஆற்றங்கரையில் நின்றால் 1பி வகையாகக் கருதி, பரவாமல் கட்டுப்படுத்த வேண்டும். உம்ஹ்லாடுசானா ஆற்றோரம் குடியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்று தெரு மரங்களுக்குப் பெரிய அச்சம் ஷாட் ஹோல் போரர் என்னும் துளைவண்டு. பெண் வண்டு சுமார் 2 மி.மீ. நீளம், எள்ளைவிடச் சிறியது. 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில் அது கண்டறியப்பட்டது. வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் தான் கொண்டுவரும் ஃபியூசேரியம் பூஞ்சையை வளர்த்து அதைத் தின்கிறது. அந்தப் பூஞ்சைதான் நீரோட்டக் குழல்களை அடைத்து மரத்தைச் சாகடிக்கிறது. பாக்ஸ் எல்டர், ஓக், பிளேன், கல்யாண முருங்கை இனமான கோரல் மரம், அவகாடோ, ஆமணக்கு ஆகியவற்றில் அது இனம் பெருக்கும். காலி மனையில் தானாக முளைத்த ஆமணக்கை அதனால்தான் பார்க்கச் சொல்கிறோம். பேனா முனையளவுத் துளைகள், சுற்றிலும் கரிய கறை அல்லது பிசின், அவகாடோவில் சர்க்கரைபோல் வெள்ளைப் பொடி, நுனியிலிருந்து காயும் கிளை ஆகியவை அடையாளங்கள். கண்டால் படம் எடுத்துப் பூங்காத் துறைக்கு அனுப்புங்கள்.

நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாததால், பரவாமல் தடுப்பதே வழி. கோயில் கஞ்சிக்கும் கல்யாணப் பிரியாணிக்கும் பிராய் என்னும் வெளியில் இறைச்சி சுடும் விருந்துக்கும் ஓர் ஊரின் விறகை இன்னோர் ஊருக்கு ஏற்றிப் போவதால்தான் அது தூரம் தாண்டுகிறது. விறகு அந்தந்தப் பகுதியிலேயே வாங்கி அங்கேயே எரிக்கப்பட வேண்டும். தாக்கப்பட்ட மரத்தை 2.5 செ.மீ.க்கும் சிறிய சில்லுகளாக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் விளிம்பு மூடி வெயிலில் வேக விட வேண்டும்.

பூங்காத் துறையிடம் புதிய மரம் கேட்பவர்களுக்கு ஏற்ற காலம் செப்டம்பர் 1 முதல் 7 வரை வரும் மரநடுகை வாரத்தை ஒட்டியது. அதன்பின் மழை வரும். மின்கம்பிக்கு அடியிலும் தண்ணீர்க் குழாய் மீதும் கேட்க வேண்டாம். குழி வேர்ப்பந்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் பந்தின் உயரமே. சருகு மூடாக்கு 5 முதல் 8 செ.மீ., அடிமரத்தைத் தொடாமல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட மாதங்களில் வாரம் ஒருமுறை 20 லிட்டர் ஊற்றினால் முதல் இரண்டு ஆண்டைக் கடந்துவிடும். புல் வெட்டும் கருவியின் நைலான் நூல் இளம் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் மரம் பட்டினியில் சாகும். மூடாக்கு வட்டத்துக்குள் களையைக் கையால் பிடுங்குங்கள்.