ரீசெட் துளையில் ஊசியை விடும் முன்

இந்த வாரமும் அதே கதைதான். நெட் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ரவுட்டர் பக்கத்தில் ஒரு சேஃப்டி பின் கிடக்கிறது. லேப்டாப்பில் டிஎன்எஸ் மாற்றி, ஐபி அட்ரஸைக் கையால் அடித்து, கடைசியில் ரவுட்டரின் பின்பக்கத் துளையில் ஊசியை விட்டு அழுத்தியும் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது! அலமாரியை நகர்த்தியபோது ஃபைபர் ஒடிந்துவிட்டது. ஒளியே வராதபோது எந்த செட்டிங்ஸை மாற்றி என்ன ஆகும்?

அந்தத் துளை ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கானது இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மனதில் பதிய மாட்டேன் என்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் உள்ளே பதிந்தவை எல்லாம் அழிந்துபோகும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போனால் பரவாயில்லை, திரும்ப வைத்துக்கொள்ளலாம். பல இணைப்புகளில், நெட்டுக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் என்று நிறுவனம் கொடுத்த விவரங்களும் அதில்தான் இருக்கும். இணைப்பு போட வந்தவர் அடித்துவிட்டுப் போயிருப்பார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஃபைபரைச் சரிசெய்த பிறகும் நெட் வராது. இருந்தது ஒரு கோளாறு, இப்போது இரண்டு. அணைத்துப் போட வேண்டுமா? பிளக்கைப் பிடுங்குங்கள், 30 நொடி பொறுத்துச் செருகுங்கள். எதுவும் அழியாது.

அடுத்தது 8.8.8.8, அதாவது கூகுளின் டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்வது மட்டுமே டிஎன்எஸ்ஸின் வேலை. 8.8.8.8-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, ஆனால் பெயரை அடித்தால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் மாற்றிப் பாருங்கள். டவுன்லோடு வேகம் குறைகிறது என்பதற்காக மாற்றாதீர்கள்.

ஐபி அட்ரஸ் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிளையும் வைஃபையையும் பாருங்கள். கையால் ஒரு எண்ணைப் போட்டால், அதே எண் வீட்டில் வேறொரு போனிடம் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். தானாகப் பெறும்படியே விட்டுவிடுங்கள்.

வேகம்தான் பிரச்சினை என்றால், முதலில் லேன் கேபிளில் சோதியுங்கள். கேபிளில் நன்றாக வந்தால் வைஃபைதான் காரணம். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் திறந்த இடத்தில் வையுங்கள், அறைக்குள்ளேயே என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸில் கை வைப்பது இங்கேதான் பலன் தரும்.

எதை மாற்றினாலும், மாற்றும் முன் அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அப்புறம், கழன்ற ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.