நோட்புக் காட்டிக்கொடுக்காத எழுத்துப்பிழைகள்

பைத்தான் நிரலைச் 'செல்' எனும் துண்டுகளாக எழுதி ஓட்டும் ஜுபிட்டர் நோட்புக்கில், மதிப்பைச் சேமிக்கும் வேரியபிளின் பெயரைத் தப்பாக அடித்தால், அப்படியொரு பெயரே இல்லை என்னும் 'நேம் எரர்' வந்துவிடும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள். பாதிதான் சரி. சமக்குறிக்கு வலப்பக்கம் தப்பு இருந்தால் வரும். இடப்பக்கம் இருந்தால், பைத்தான் அதைப் புது வேரியபிளாக எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால் உதாரணம் தமிழிலேயே இருக்கட்டும். முதல் செல்லில்:

தள்ளுபடி = 10

பிறகு தள்ளுபடியை 15 சதவீதமாக்கச் சொல்கிறார்கள். கீழே இன்னொரு செல்லில்:

தள்ளுப்படி = 15
கட்டணம் = விலை * (100 - தள்ளுபடி) / 100

ஒரு 'ப்' கூடிவிட்டது. விலை 2,000 என்றால் 1,700 வர வேண்டும், 1,800 வரும். நம்பும்படியான எண் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எக்ஸெலின் விபிஏ மொழியில் எழுதியவர்களுக்கு 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' தெரியும்: அறிவிக்காத பெயர் எதையும் அது உள்ளே விடாது. பைத்தானில் அப்படி ஒன்று இல்லை. அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் தொகுப்பான பாண்டாஸிலும் இதே கதைதான். நெடுவரிசையின் பெயரைப் பிழையாக எழுதி மதிப்பு கொடுத்தால், அட்டவணையின் ஓரத்தில் புது நெடுவரிசை ஒன்று சேர்ந்துகொள்ளும்.

இதெல்லாம் சாதாரண ஸ்கிரிப்டிலும் நடப்பதுதான். நோட்புக்கில் கூடுதல் தலைவலி, பின்னாலிருந்து செல்களை ஓட்டும் கெர்னலின் ஞாபகசக்தி. செல்லை அழித்தாலும் அதில் பிறந்த வேரியபிள் அழியாது. மேலே 'விலை' என்பதை 'நிகர_விலை' என்று மாற்றிவிட்டு, கீழே ஓரிடத்தில் பழைய பெயரை விட்டுவிட்டால், எழுதியவரிடம் ஓடும், அதுவும் பழைய மதிப்போடு. அடுத்தவர் திறந்தால் நேம் எரர். "என் மெஷின்ல ஓடுதே சார்" என்பார்கள். பொய்யில்லை, ஓடத்தான் செய்யும்.

2019-இல் ஜோவோ பிமென்டெல் குழுவினர் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஓட்டிப் பார்த்தவற்றில் ஏறத்தாழ 24 சதவீதம்தான் பிழையின்றி முடிந்தன. பழைய விடையே திரும்பக் கிடைத்தது 4 சதவீதத்தில்தான். நிறுவப்படாத மாட்யூல், காணாமல்போன ஃபைல் ஆகியவற்றோடு நேம் எரரும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

யாராவது நோட்புக் அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது நிரல் வரிகளை அல்ல, செல்லுக்கு இடப்பக்கம் ஓட்டிய வரிசையைக் காட்டும் எண்களை. 41-க்குக் கீழே 7 இருந்தால், மேலிருந்து கீழாக ஓட்டவில்லை என்று அர்த்தம். கெர்னலை ரீஸ்டார்ட் செய்து எல்லா செல்லையும் ஓட்டிவிட்டு அனுப்புங்கள் என்று திருப்பிவிடுவேன். டேட்டா லோட் ஆகவே அரை மணி நேரம் ஆகிறது என்பது எனக்குச் சமாதானமாகப் படவில்லை. இடைநிலை அட்டவணையைப் பார்கே எனும் அட்டவணை வடிவ ஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாமே.

ஆனால் ரீஸ்டார்ட் 'தள்ளுப்படி'யைப் பிடிக்காது. அதற்குச் செல்லில் அடிக்கும் '%ஹூஸ்' கட்டளை உதவும். நினைவிலுள்ள பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டுவதால் இரட்டைப் பிள்ளைகள் அடுத்தடுத்து நிற்கும். ரஃப் போன்ற லின்டர், அதாவது நிரலை ஓட்டாமலே படித்துப் பிழைகளைச் சுட்டும் கருவி, நோட்புக் ஃபைலையே நேரடியாகப் படிக்கும். கெர்னலில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனாலேயே, அழித்த செல்லின் பெயர் எங்காவது மிச்சமிருந்தால் எஃப்821 (வரையறுக்கப்படாத பெயர்) என்று சுட்டிவிடும். ஆனால் ஃபங்ஷனுக்கு வெளியே, வெளிமட்டத்தில் மதிப்பு கொடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட பெயரைப் பற்றி வாய் திறக்காது. அதே வரிகள் ஃபங்ஷனுக்குள் இருந்தால் எஃப்841 (பயன்படாத உள் வேரியபிள்) வரும். கணக்குகளை ஃபங்ஷனுக்குள் வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஃபங்ஷனிலும் ஒரு பொறி உண்டு. அடைப்புக்குள் 'அட்டவணை' என்று வாங்கிவிட்டு, உள்ளே பழக்கதோஷத்தில் வெளியிலிருக்கும் 'விற்பனை'யைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். எந்த அட்டவணையை அனுப்பினாலும் ஒரே விடை வரும். ரீஸ்டார்ட் செய்தாலும் வரும். ரஃப்பில் ஏஆர்ஜி001 விதி தானாக இயங்காது. அதை நீங்களே இயக்கிவிட்டால், வாங்கிய 'அட்டவணை' பயன்படவில்லை என்று சொல்லும்.