கல்லைக் காப்பாற்றும் சாந்து

இங்கிலாந்தில் பழைய கல் கொட்டகைகளை வாங்கி வீடாக்குகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்கிறார்: "நன்றாக இருக்கும் சிமென்ட் பூச்சை ஏன் மெனக்கெட்டு உளியால் கொத்தி எடுக்கிறார்கள்?"

யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில், குறிப்பாக ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில், வயல்களுக்கு நடுவே இப்படிக் கொட்டகைகள் நிறைய. முன்பெல்லாம் குளிர்காலத்தில் கீழே மாடுகள், மேலே உலர்ந்த புல். தடித்த சுவர்தான், ஆனால் முழுக் கல் இல்லை. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல். இரண்டு வரிசைகளையும் குறுக்கே நீண்ட கற்கள் பிணைத்திருக்கும். சில கொட்டகைகளில் அவற்றின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு தெரியும்.

சரி, சூட்சுமம் இடுக்குகளில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட சுவருக்குள் மழைநீர் புகாமல் தடுக்க முடியாது. புகுந்தது வெளியேற வழி வேண்டும். சாந்து முழுக்க நுண்துளைகள். ஈரம் அவற்றின் வழியே வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. கூடவே வந்த உப்பும் அங்கேதான் படிகமாகும். படிகம் வளர வளரத் துளையை நெருக்கி உடைக்கும். உடைவது மென்மையான சாந்து, கல் அல்ல. காலுக்காகத் தேயும் செருப்பு மாதிரி! உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாந்து இட்டால் போதும். எனக்கு இதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. நீரில் கரையும் சுண்ணாம்பு, மெல்லிய விரிசல்களுக்குள் மறுபடி படிந்து அவற்றைத் தானே அடைத்துவிடும்.

லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பிற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் அதையே கல் இடுக்குகளில் அப்பினார்கள். வழி அடைபட்டதும் ஈரம் கல்லின் வழியே வெளியேறியது. உப்பு கல்லுக்குள்ளேயே படிகமானது. உறையும்போது 9 சதவீதம் விரியும் நீர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. இன்று பல சுவர்களில் கல்லின் முகம் உதிர்ந்து உள்வாங்கியிருக்க, சிமென்ட் மட்டும் வரம்பு கட்டியதுபோல் நிற்கிறது.

வீடாக்கும்போது சிக்கல் இன்னும் கூடும். காற்றோட்டத்துக்கு விட்டிருந்த குறுகிய பிளவுகளுக்குக் கண்ணாடி போட்டுவிடுவார்கள். சமையல், குளியல், துணி உலர்த்தல் என்று நீராவி உள்ளேயே சேரும். சுவர் ஓதம் அடிக்கும். அப்புறம் ஓதத்தைத் தடுக்கிறேன் என்று சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்ற ஒருவர் வருவார். நடுவில் சில்லுக்கல் நிரம்பிய சுவரில் அந்த ரசாயனம் இடைவெளி இல்லாமல் பரவுவது கடினம். என்னைக் கேட்டால், அந்தக் காசில் முதலில் ஒழுகும் கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யலாம். மீதியில் உட்புறம் சுண்ணாம்பு பூசிக்கொள்ளலாம்.