சிக்கெடுப்பு: நசுங்கிய காரிலிருந்து ஆளை எடுப்பதற்கு ஒரு சொல்

அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். போன மாதம் ஒரு படம் அனுப்பினான். ஆரஞ்சு நிறத்தில் முழு உடுப்பு, தலையில் ஹெல்மெட், இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி நண்டுக் கொடுக்கு போல ஓர் இரும்புக் கருவி. கூடவே ஒரு குரல் செய்தி: "சித்தப்பா, அப்பத்தாகிட்ட இது என்ன வேலைன்னு சொல்லத் தெரியல. ரோடு கிராஷ் ரெஸ்க்யூன்னா தமிழ்ல என்ன?"

"சாலை விபத்து மீட்பு" என்று யோசிக்காமல் தட்டி அனுப்பினேன். என் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கிறான். அவள் கேட்டாளாம்: "மீக்கிறதுன்னா? அடகு வச்ச நகையையா?"

கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலில் ஒரு நியாயம் இருந்ததால், அன்றைக்கு முழுக்க இந்தச் சொற்களோடுதான் பொழுது போனது.

மீள்வது என்றால் திரும்பி வருவது. மீட்பது என்றால் திரும்பக் கொண்டுவருவது. அடகுக் கடையிலிருந்து நகையை மீட்கிறோம். ஆக்கிரமிப்பிலிருந்து கோயில் நிலத்தை மீட்கிறார்கள். கிணற்றில் விழுந்த பசுவைத் தீயணைப்புத் துறை மீட்கிறது. கிறிஸ்தவர்களுக்கு இயேசு மீட்பர். இதெல்லாம் போக, ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டவர் "சடலமாக மீட்கப்பட்டார்" என்றும் நாளிதழில் படிக்கிறோம். உயிரோடு எடுப்பதை ரெஸ்க்யூ என்றும் உடலை எடுப்பதை ரெக்கவரி என்றும் ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்வார்கள். நமக்கு இரண்டும் மீட்புதான். பழுதான வண்டியை இழுத்துப்போகும் ரெக்கவரி வேனுக்கும் அதே சொல்லைத்தான் போட வேண்டியிருக்கிறது. சுருக்கமாக "சாலை மீட்பு" என்று எழுதினாலோ கதையே வேறு. நம்மூரில் அதைப் படிப்பவர் யாரோ சாலையை வளைத்துக் கடை போட்டுவிட்டார்கள், அதைக் காலி செய்யப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

சரி, ஆங்கிலச் சொல்லாவது ஒழுங்காக இருக்கிறதா? ரெஸ்க்யூ என்பதன் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'எக்ஸ்குட்டரே'யில் போய் நிற்கும். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'குவாட்டரே' என்றால் குலுக்குவது. ஆக, ரெஸ்க்யூ என்றால் உதறி எடுப்பது. சாலை விபத்துக் குழுவில் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது, உள்ளே இருப்பவரைக் குலுக்காதே, கையைப் பிடித்து இழுக்காதே என்பதுதான். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் ஒரு குலுக்கலில் தண்டுவடம் போய்விடும். வேர் சொல்வது ஒன்று, வேலை கேட்பது நேர் எதிர்.

இந்தத் துறைக்காரர்களிடம் இன்னொரு சொல் உண்டு: எக்ஸ்ட்ரிகேஷன். ரெஸ்க்யூ என்பது மொத்த வேலை. வண்டிக்குள் அகப்பட்டவரை வெளியே எடுக்கும் அந்தக் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் இந்தப் பெயர். லத்தீனில் 'ட்ரிகே' என்றால் தடைகள், சிக்கல்கள். அதிலிருந்து வெளியே கொண்டுவருவது எக்ஸ்ட்ரிகேஷன். நுட்பமான பின்னல் வேலையைக் குறிக்கும் இன்ட்ரிகேட், சூழ்ச்சியைக் குறிக்கும் இன்ட்ரீக் இரண்டும் இதன் உடன்பிறப்புகள். எல்லாம் ஒரே சிக்கிலிருந்து வந்தவை.

சிக்கு. நம் சொல் அங்கேயே இருக்கிறது. "லாரி மோதியதில் காருக்குள் சிக்கியவர்" என்று தினமும் எழுதுகிறோம். சிக்கியவரை எடுப்பதற்கு மட்டும் மீட்பு என்று வேறு வீட்டுக்குப் போய்விடுகிறோம். தலைமுடியில் சிக்கு விழுந்தால் என்ன செய்கிறோம்? சிக்கெடுக்கிறோம். அதனால் எக்ஸ்ட்ரிகேஷனுக்கு என் சொல் 'சிக்கெடுப்பு'. விடுவிப்பு என்று எழுதலாம்தான், ஆனால் அதில் சிறைக்கதவும் ஜாமீனும் வந்து நிற்கின்றன.

ஒலி பொருந்துகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அம்மா சிக்கெடுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சிக்குக்கு மேலே, தலையோடு ஒட்டி, முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அப்புறம் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு மேலே வருவாள். மேலிருந்து சீப்பைப் போட்டு இழுத்தால் பிள்ளை அலறும். விபத்து வண்டியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒருவர் பின் கண்ணாடி வழியாக உள்ளே ஊர்ந்துபோய், ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கை கடைசிவரை எடுபடாது. மற்றவர்கள் அவரைச் சுற்றி இருக்கும் வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்து அகற்றுகிறார்கள். ஆளைக் காரிலிருந்து எடுக்காதே, காரை ஆளிடமிருந்து எடு என்பது உலகம் முழுக்க இந்தக் குழுக்களில் புழங்கும் பேச்சு.

இனி வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வந்து இறங்கியதும் யாரும் ஓடிப்போய்க் கதவை இழுப்பதில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை: பெட்ரோல் ஒழுகுகிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, வேறு யாராவது தூக்கி வீசப்பட்டுக் கிடக்கிறார்களா. அடுத்தது கட்டை போடுவது. படிப்படியாக உயரும் கட்டைகளைக் காரின் அடிவிளிம்பில் செருகி, டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். வண்டி இறங்கிக் கட்டைமேல் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங்கில் ஆடுகிற வண்டியில் எதை வெட்டினாலும் அந்த ஆட்டம் உள்ளே இருப்பவரின் முதுகில் இறங்கும். ஆங்கிலத்தில் இதைக் கிரிப்பிங் என்கிறார்கள். நம் லாரி கிளீனர்கள் மேட்டில் வண்டி நின்றால் "கட்டை போடு" என்பார்களே, அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, கண்ணாடியைக் கையாள்வது. பக்கக் கண்ணாடியை முனைக்கருவியால் ஒரு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று உதிரும். முன்கண்ணாடி அப்படி உதிராது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருப்பதால் ரம்பம் வைத்துத்தான் அறுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்மேல் தூள் விழாமல் ஒளி ஊடுருவும் விரிப்பைப் போர்த்திவிடுகிறார்கள். முகம் தெரிய வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தபடி வருவதுதான் அவன் கையில் இருந்த கொடுக்கு. ஸ்பிரெட்டர் என்பார்கள். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்வது. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றில் இது 700 பார் அளவுக்குப் போகும், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 700 கிலோ. காரின் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். கதவின் இடுக்கில் நுனியைச் செருகி விசையைத் திருப்பினால், கொடுக்கு மெதுவாக விரிந்து கதவைக் கீலோடு பெயர்த்துவிடும். ஸ்பிரெட்டரை 'விரிப்பான்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது பாய் விரிப்பதுபோல் படுகிறது. "காலை அகட்டி நில்" என்கிறோம் அல்லவா? இரண்டாகப் பிரித்து விலக்குவது அகட்டுவது. இந்தக் கருவி அகட்டி.

ராம் என்ற தண்டுக்குத் தமிழ் இன்னும் வாட்டமாக அமைகிறது. ஆங்கிலத்தில் ராம் என்றால் கிடா. கோட்டைக் கதவை முட்டிய மரத்தண்டுக்கு ஆகிவந்த பெயர் இதற்கும் வந்தது. நசுங்கிய முன்பலகை (டாஷ்போர்டு) ஓட்டுநரின் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தால், கூரையைத் தாங்கும் முன் தூணின் அடியில் ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டு, இந்தத் தண்டைக் குறுக்கே நிறுத்தி நீளவிடுகிறார்கள். முன்பலகை அப்படியே முன்னால் சுருண்டு விலகுகிறது. தமிழில் ஆடும் முட்டும், சாய்ந்த சுவருக்கும் முட்டுக் கொடுப்போம். தள்ளுவதும் தாங்குவதும் இதற்கு ஒரே வேலை. முட்டுத்தண்டு என்றால் இரண்டும் வந்துவிடுகிறது.

வெட்டும் கருவிக்கு மட்டும் பெயர் அகப்படாமல் இருந்தது. கத்தரி என்றால் தையல்காரர் நினைவுக்கு வருகிறார்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து 'ஜாஸ் ஆஃப் லைஃப்' என்று சொல்லும் பழக்கம் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இது 'உயிரின் தாடைகள்' என்று வந்து, படிப்பவரைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோய் விடுகிறது. அது ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர், ஒரு கார் பந்தய விபத்தில் ஓட்டுநரை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதைப் பார்த்துவிட்டு, 1960களில் உருவாக்கத் தொடங்கிய கருவி. அதற்கு முன் கடப்பாரைதான், இல்லாவிட்டால் தீப்பொறி பறக்கும் ரம்பம். பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறி எப்படி இருக்கும்! சாவின் தாடையிலிருந்து பிடுங்கியது என்று ஆட்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, ஹர்ஸ்டோடு இருந்த மைக் பிரிக் அதைத் திருப்பிப் போட்டு 'உயிரின் தாடை' ஆக்கினார். நாமும் "எமன் வாயிலிருந்து மீண்டான்" என்கிறோம், ஆனால் அந்த வாயை எமனிடமிருந்து வாங்கி உயிருக்குக் கொடுத்தால் தமிழில் சிரிப்புத்தான் வரும். ஜெராக்ஸ் எல்லா நகலுக்கும் பெயரானதுபோல இதுவும் பொதுப்பெயராகப் புழங்குகிறது, நெதர்லாந்தின் ஹோல்மாத்ரோ செய்த கருவியையும் ஜெர்மனியின் லூக்காஸ் செய்த கருவியையும் கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கருவி மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் கார்தான். "கார் அப்பளம்போல் நொறுங்கியது" என்பது நம் நிருபர்களுக்குப் பிடித்த வரி. நொறுங்குவதற்கென்றே முன்பக்கத்தைச் செய்கிறார்கள் என்பது அதில் வராது. மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனியின் 1950களின் யோசனை அது: முனை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும், ஆள் இருக்கும் கூடு நிற்கட்டும். அந்தக் கூட்டின் தூண்களில் இப்போது போரான் கலந்த எஃகு. பழைய கருவியின் வாய் அதில் மழுங்கிப்போகும். தூணுக்குள்ளும் கூரை ஓரத்திலும் காற்றுப்பைகளுக்கான வாயுக் குப்பிகள் ஒளிந்திருக்கும், அதை வெட்டினால் வெடிக்கும். அதனால் வெட்டுவதற்கு முன் தூணின் உள்பக்க உறையைப் பிய்த்துப் பார்ப்பது விதி. மின்சார வண்டியானால் ஆரஞ்சு நிற வயரில் கை வைக்கக் கூடாது.

இவை எல்லாம் வரும் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு லாரி. பக்கமெல்லாம் ஷட்டர் போட்ட அறைகள், அறைக்குள் இழுத்தால் வரும் தட்டுகள், மேலே உயர்த்தும் விளக்குக் கம்பம். இடத்துக்கு வந்ததும் தரையில் ஒரு தார்ப்பாயை விரித்து அதன்மேல் கருவிகளை வரிசையாக வைப்பார்கள். இருட்டில் எடுத்ததை அதே இடத்தில் வைத்தால்தான் அடுத்தவன் கைக்கு வரும். தார்ப்பாய் என்பதே டார்பாலின்தான். நம் ஆட்கள் காதில் தாரும் பாயுமாக விழுந்து, அசல் தமிழ்போல் ஆகிவிட்டது. சொல்லாக்கக் குழு உட்கார்ந்து யோசித்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

விபத்து என்ற சொல்லிலும் ஒரு தகராறு உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த வேலைக்கு முன்பு 'ரோடு ஆக்ஸிடென்ட் ரெஸ்க்யூ' என்றுதான் பெயர். ஆக்ஸிடென்ட் என்றால் தற்செயல் என்று ஆகிவிடுகிறது, குடித்துவிட்டு ஓட்டியது தற்செயலா என்று கேட்டு, கிராஷ் என்று மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001இல் ஆக்ஸிடென்ட் என்ற சொல்லையே தன் பக்கங்களில் வேண்டாம் என்றது. நாமும் மாற்ற வேண்டுமா? தேவையில்லை என்பது என் கட்சி. விபத்து வடமொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்குக் கேடு, ஆபத்து என்று பொருள். தற்செயல் என்ற வாடையே அதில் இல்லை. தனித்தமிழில் சிலர் எழுதும் 'நேர்ச்சி'யில்தான் தானாக நேர்ந்தது என்ற அந்த ஆங்கிலக் குறை திரும்ப வருகிறது, போதாததற்கு நேர்த்திக்கடனும் எட்டிப் பார்க்கிறது. 'சாலை மோதல்' என்றால் இரு தரப்புக் கைகலப்பு.

கடைசியாக, சம்பளம் வாங்காமல் இதைச் செய்கிறவரை எப்படி அழைப்பது? அவன் சேர்ந்திருப்பது எஸ்.இ.எஸ். என்னும் மாநில அவசரகாலச் சேவை. 1955இல் ஹன்டர் ஆற்று வெள்ளம் மெய்ட்லண்ட் ஊரை மூழ்கடித்ததை அடுத்து உருவானது. வெள்ளமும் புயலும்தான் அதன் முதல் வேலை. அந்த மாநிலத்தில் ஒரு ஊரில் சாலை விபத்து மீட்பை எஸ்.இ.எஸ். பார்க்கும், அடுத்த ஊரில் வி.ஆர்.ஏ. என்ற மீட்புத் தொண்டர் சங்கம், இன்னொன்றில் தீயணைப்புத் துறை. யார் பார்த்தாலும் பயிற்சியும் அங்கீகாரமும் கட்டாயம். கைபேசியில் அழைப்பு வந்ததும் மளிகைக் கடைக்காரரும் பள்ளி வாத்தியாரும் போட்டதைப் போட்டபடி மீட்பு வண்டி நிற்கும் கொட்டகைக்கு ஓடுவார்கள்.

தன்னார்வலர் என்று சொல்லலாம். ஆனால் ஆர்வலர் என்றால் பறவை பார்க்கிறவர்போல இருக்கிறது, சான்றிதழ் வாங்கி இரவு இரண்டு மணிக்கு எழுந்து போகிறவருக்கு அது காணாது. சிங்கப்பூரில் தொண்டூழியர் என்பார்கள். நம்மூரில் ஊழியர் என்றாலே சம்பளமும் பென்ஷனும் நினைவுக்கு வருவதால் அது ஒட்டாது. இலங்கையில் தொண்டர் என்றால் இன்றும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர், சம்பளமில்லாத ஆசிரியர் தொண்டர் ஆசிரியர். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கட்சிக்காரர்கள் கொடிக்கம்பத்தோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கென்னவோ அதை அவர்களிடமிருந்து மீட்கலாம் என்று தோன்றுகிறது. மீட்பு இங்கே சரியான சொல்தான். மீட்புத் தொண்டர்.

இவ்வளவையும் சுருக்கி அண்ணன் மகனுக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காணொலி அழைப்பில் அவன் வந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தாள். பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிவந்த காரில் பொம்மையை உட்காரவைத்து அன்றைக்குப் பயிற்சியாம். வெட்டும் கருவியைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, வளைந்த அலகுகளைத் திறந்து மூடிக் காட்டினான். "சிக்கெடுக்கிற வேலை அப்பத்தா. ஆளு வண்டிக்குள்ள சிக்கிக்கிட்டா சிக்கெடுப்போம்."

அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சிக்கெடுக்க எதுக்குடா இவ்வளவு பெரிய பாக்குவெட்டி?"