லைற்ஹவுஸை எந்த இடத்தில வெட்டுறது?

மூதூர்ப் பக்கம் ஃபவுல் பொயின்ற்ல நிக்கிற வெளிச்சவீட்டைப் பற்றி இங்கிலிஸில ஒரு பந்தி எழுதிக்கொண்டிருந்த மருமகள் திடீரெண்டு கேட்டா, "மாமா, லைற்ஹவுஸ்ல ரீயும் எச்சும் பக்கத்தில பக்கத்தில கிடக்குத்தானே, அப்ப ஏன் ஃபாதர்ல வாற மாதிரி லைதவுஸ் எண்டு வாசிக்கேலாது?"

நல்ல கேள்வி. தாடைக்குக் கீழ கையை வச்சுச் சொல்லிப் பாருங்கோ, 2 தரம் இறங்கும், அப்ப 2 அசை. ஹவுஸ் எண்டு நாங்க நீட்டி எழுதினாலும் இங்கிலிஸில அது ஒரே அசைதான். நடுவில வாற ஜீ எச் ஒரு காலத்தில தொண்டையால வந்த சத்தம், அது போய் எழுத்து மட்டும் மிச்சம்.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். லைற் முடியேக்க நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால இருக்கிற முரசில ஒட்டி மூச்சை அடைக்குது, ஆனா வெடிச்சுத் திறக்காம அப்பிடியே நிக்குது, உள்ளங்கையை வாய்க்கு முன்னால பிடிச்சா அந்த இடத்தில ஒண்டுமே படாது, பிறகு ஹவுஸ் தொடங்கேக்க சூடான மூச்சு கையில வந்து அடிக்கும். அந்தச் சின்ன அடைப்புத்தான் ரெண்டு சொல்லுக்கும் நடுவில இருக்கிற சுவர், அதைத் தாண்டி ரீயும் எச்சும் ஒரு சத்தமாச் சேராது. நாங்க ட் போடாம ற் போட்டு லைற் எண்டு எழுதுறமே, அது சும்மா பழக்கமில்லை, எங்கட வெற்றி, காற்று எல்லாத்திலயும் நாக்கு போய் ஒட்டுறது கிட்டத்தட்ட அதே முரசிலதான்.

சுவர் இருந்தும் அது ஒரே சொல் எண்டு காதுக்கு எப்பிடித் தெரியுது? அழுத்தத்தால. லைற்றில அழுத்தினா வெளிச்சவீடு, ஹவுஸில அழுத்தினா பாரமில்லாத ஒரு வீடு. ரெண்டிலயும் தலைச்சொல், அதாவது எதைப் பற்றிப் பேசுறம் எண்டு சொல்லுற முக்கியமான சொல், கடைசியில வாற ஹவுஸ்தான், பன்மை ஒட்டுறதும் அதிலதான்.

நாங்க வேற மாதிரி ஒட்டுறம், வெளிச்சத்தின்ர ம்மைக் கழட்டிப்போட்டு வீட்டைச் சேர்த்தா வெளிச்சவீடு.

"அப்ப கபேட்?" எண்டா மருமகள். அது கப்பும் போர்டும் சேர்ந்த சொல், முந்தி கோப்பை வைக்கிற பலகை. ஆனா அங்க சுவர் எப்பவோ இடிஞ்சு, கப்பில இருந்த ப் சத்தமும் அதோட போட்டுது.